லீமா தட்டிப் பார்த்த கதவு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் லீமா பதினாறு வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்துவந்தாள். சூளையிலிருந்து வெளிவரும் வெள்ளைப் பீங்கான் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைக்கு மேல் தொங்கும் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்ப்பாள். பூச்சில் குண்டூசி முனையளவு பள்ளம் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அடுத்து ஒரு சின்ன மரச்சுத்தியால் தட்டுவாள். கணீரென்று கேட்டால் வலது பக்கக் கூடை. சத்தம் செத்திருந்தால் இடது பக்கம். உள்ளே விரிசல் இருக்கும்.

"லீமா ஒதுக்குனத நான் திரும்பிப் பாக்கறதே இல்ல" என்று சூப்பர்வைசர் பச்சமுத்து வேலைக்குச் சேரும் புது ஆட்களிடம் சொல்வார்.

அவள் கணவன் பிலோமின்ராஜ் டிரைவர். அரிசி மில் லாரி, பள்ளிக்கூட வேன், ஒரு டாக்டரின் கார் என்று இருபது வருஷம் அடுத்தவர் வண்டியையே ஓட்டினவன். இரண்டாயிரத்து ஒன்பதில், நாற்பத்தைந்தாவது வயதில், சொந்தமாக ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினான். பேங்கும் சரி என்று சொல்லிவிட்டது. சில்வர் கலர்தான் வேண்டும் என்பதில் மட்டும் அவன் யார் பேச்சையும் கேட்கவில்லை.

வண்டி புக் செய்ய இருவரும் கடலூர் ஷோரூமுக்குப் போன அன்றுதான் அந்தப் பூச்சு விஷயம் ஆரம்பித்தது. நந்தகுமார் என்று ஒரு விற்பனையாளன். டை கட்டிய, வாய் ஓயாத பையன். மேசைமேல் ஒரு தகரத் துண்டை வைத்திருந்தான். அதில் பாதிக்குப் பூச்சு போட்டிருந்தது. தண்ணீர் தெளித்ததும் அந்தப் பாதியில் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடிற்று.

"டெஃப்ளான்லாம் பழசு சார். இது செராமிக் கோட்டிங். இப்பதான் வந்திருக்குது. அஞ்சு வருஷத்துக்கு பெயிண்டப் பத்தி நெனைக்கவே வேணாம். கல்லு பட்டாலும் கோடு வுழாது" என்றான்.

பிலோமின்ராஜ் தகரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகமே மலர்ந்துவிட்டது.

"செராமிக்னா என்னாங்க?" என்று லீமா கேட்டாள்.

"பீங்கான் மேடம். பீங்கான் மாதிரி கெட்டியா ஒக்காந்துக்கும்."

"எத்தன டிகிரில சுடுவீங்க?"

நந்தகுமார் விழித்தான். "சுடறதெல்லாம் இல்ல மேடம். தடவி, தொடச்சி, அரை நாள் காய வுட்டா போதும்."

"எங்க கம்பெனியில ஆயிரத்து எரநூறு டிகிரி ஏறுனாத்தான் மேல பூசுனது உருகி ஒட்டும். காய வுட்டதெல்லாம் பீங்கான் ஆவுமா?" என்றவள், புடவை மடிப்பிலிருந்து சேஃப்டி பின்னை உருவினாள். "கோடு வுழாதுன்னு சொன்னீங்களே. இதால ஒரு கீறு கீறிப் பாக்கட்டுமா?"

"மேடம், அது டிஸ்ப்ளே பீஸு..." என்று தகரத்தை அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"லீமா, சும்மா இரு" என்றான் பிலோமின்ராஜ், காது மடல் சிவக்க.

 பஸ்ஸில் திரும்பும்போது பிலோமின்ராஜ் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "ட்ரிப்பு குடுக்கறவன் மொதல்ல வண்டியத்தான் பாப்பான். பளபளன்னு இருந்தா அதுக்கு ஒரு மரியாத. உனக்கு அது புரியல."

அவளுக்குப் புரியாமல் இல்லை. டாக்டர் வீட்டுக் காரை அவன் தினமும் எப்படித் துடைப்பான் என்று அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பூச்சுக்கு அவர்கள் கேட்ட விலை, வீட்டின் இரண்டு மாதச் செலவு. மறுநாள் பச்சமுத்துவிடம் கேட்டாள். அவர் செராமிக் இன்ஸ்டிடியூட்டில் பாடம் நடத்தும் ஒருவரிடம் விசாரித்துவந்து சொன்னார். முழுப் பொய் என்று சொல்ல முடியாதாம். மணலில் இருக்கிற சத்தையே திரவமாக்கித் தடவுகிறார்களாம். தண்ணீர் தங்காது, தூசி சுலபமாகப் போகும், பளபளப்பும் கொஞ்ச காலம் நிற்கும். மற்றபடி முடியைவிட மெல்லிய படலம், கல்லடிக்குத் தாங்காது.

இதை அப்படியே பிலோமின்ராஜிடம் சொன்னாள். பத்து நாள் அதே பேச்சாக இருந்தது. சாப்பிடும்போது ஒரு தடவை, கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தடவை. கடைசியில் ஒரு நாள் அவனே, "சரி வுடு, வேணாம். போன் பண்ணி சொல்லிடறேன்" என்றான். சொன்னவன் அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டான்.

சனிக்கிழமை வண்டி எடுப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோணாங்குப்பம் மாதா கோயிலில் வண்டியை மந்திரிக்க வேண்டும் என்று பாதரிடம் சொல்லியாயிற்று. பிலோமின்ராஜின் தங்கை பிரின்சி குடும்பத்தோடு வருவதாக இருந்தாள். திங்கட்கிழமை ஸ்ரீமுஷ்ணத்தில் கொளஞ்சியப்பன் என்பவர் வீட்டுக் கல்யாணம். பெண் மாப்பிள்ளையை ஏற்றிப்போக இந்த வண்டிதான். முதல் ட்ரிப்பு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நந்தகுமார் போன் செய்தான். பிலோமின்ராஜ் பேசிவிட்டுத் துள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தான்.

"கோட்டிங் ஃப்ரீயாம்! மேனேஜரே சொல்லிட்டாராம். நாளைக்குக் காலையில ஆரம்பிச்சிருவாங்களாம். நாம சாயங்காலம் போயி வண்டிய எடுத்தா போதுமாம்."

லீமா அடுப்பைக் குறைத்தாள். "ரப்பர் மேட்டு ஒண்ணு சேத்துக் குடுங்கன்னு அன்னைக்கி கேட்டோம். முடியவே முடியாதுன்னாங்களே."

"அதுக்கு?"

"மேட்டே குடுக்காதவங்க இத எதுக்கு சும்மா தராங்க?"

"குடுத்தாலும் தப்பா?" அவன் குரல் ஏறியது.

"நாம காலையிலயே போயிடலாங்க. பூசறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு தரம் பாத்துடறேன்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். இருந்தாலும் மறுநாள் காலை ஆறரை பஸ்ஸில் அவளோடு ஏறினான். நெய்வேலி தாண்டி வடலூரில் பஸ் நின்றது நின்றபடி இருபது நிமிஷம் கிடந்தது. யாருக்கோ காத்திருப்பதுபோல் டிரைவர் இறங்கிப்போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். லீமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கம்பியைப் பிடிப்பதுமாக இருந்தாள். ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் போனால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் நினைத்தாள்.

ஷோரூமின் பின்பக்கக் கொட்டகையில் அவர்களுடைய கார் நின்றது. பானெட்மேல் ஒருவர் மெஷின் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் லீமா.

மெஷின் நின்றது. சத்தம் கேட்டு நந்தகுமார் ஓடிவந்தான். "மேடம், சாயங்காலம்தான வரச் சொன்னேன்?"

"பாத்துட்டுப் போயிடறோம்ப்பா" என்று பிலோமின்ராஜ் சங்கடமாகச் சிரித்தான்.

கொட்டகையில் வரிசையாக டியூப்லைட் எரிந்தது. லீமா காரின் முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். குனிந்து, தலையைச் சாய்த்து, விளக்கின் நீண்ட வெளிச்சம் தகரத்தில் எப்படி விழுகிறது என்று பார்த்தபடி மெதுவாக நகர்ந்தாள். இடது பக்கம் முழுக்க அந்த வெளிச்சக் கோடு நூல் பிடித்ததுபோல் ஓடியது. பின்பக்கமும் சரி. வலது பின்கதவுக்கு வந்தபோது கோடு நெளிந்தது. ஆரஞ்சுத் தோல்மாதிரி நுணுக்கமான சுருக்கம். சில்வரும் ஒரு பிடி கறுத்திருந்தது. நேராக நின்று பார்த்தால் தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிந்தது.

அவள் விரல் முட்டியால் முன்கதவைத் தட்டினாள். டங் என்றது. பின்கதவின் மேற்பகுதியைத் தட்டினாள். அதே டங். கைப்பிடிக்குக் கீழே ஒரு முழம் இறங்கித் தட்டினாள். தொப்பென்றது. இன்னொரு தடவை தட்டினாள். தொப்.

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். "என்னங்க, இந்தக் கதவு அடி வாங்கியிருக்குது. பள்ளத்துல பட்டி வச்சி ரொப்பி, மேல பெயிண்டு அடிச்சிருக்காங்க."

"மேடம்! புது வண்டி மேடம் இது. ஃபேக்டரி பெயிண்டே அப்படி அப்படித்தான் இருக்கும்" என்றான் நந்தகுமார்.

"லீமா." பிலோமின்ராஜ் பல்லைக் கடித்தபடி அருகில் வந்தான். "இது ஃபியூஸு கட்டை பாக்கற எடம் இல்ல. பேசாம வா."

"நீங்களே தட்டிப் பாருங்க."

அவன் தட்டினான். மேலே, கீழே. மறுபடி மேலே. "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல" என்றான். உண்மையாகவே தெரியவில்லையா, தெரியக்கூடாது என்று நினைத்தானா, அவளுக்குப் புரியவில்லை. அவன் நெற்றியில் வியர்வை வந்திருந்தது.

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நிதானமான குரல். லீமாவைப் பார்க்காமல் பிலோமின்ராஜின் தோளில் கை வைத்தார்.

"சார், நீங்க எத்தன வருஷமா வண்டி ஓட்டறீங்க? உங்களுக்குத் தெரியாததா? லேடீஸ் பயப்படறாங்க. நீங்க சொல்லுங்க, எடுக்கறீங்களா, இல்லையா? இதுல ஒரு கையெழுத்துப் போட்டா வேல நடக்கும்."

பேனாவையும் ஒரு தாளையும் நீட்டினார். பிலோமின்ராஜ் பேனாவை வாங்கினான். லீமா தாளை வாங்கினாள். கோட்டிங் இலவசம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே, பொடி எழுத்தில், பூச்சு போட்ட பிறகு பெயிண்ட் குறித்து எந்தப் புகாரும் ஏற்கப்படமாட்டாது என்று ஒரு வரி. அந்த வரியின்மேல் விரல் வைத்து அவன் முன்னால் பிடித்தாள்.

அவன் இரண்டு முறை படித்தான். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு நேரே அந்தக் கதவுக்குப் போனான். இந்த முறை தட்டவில்லை. கதவை முழுக்கத் திறந்து, கீல் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கதவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு முன்கதவின் போல்ட்டுகள். மறுபடி பின்கதவு. இருபது வருஷமாக ஸ்பேனர் பிடித்த கை அது.

"ஸ்பேனர் பட்டிருக்குது" என்றான் மெல்ல. "நாலு போல்ட்டுலயும் மொனை மழுங்கிருக்குது. முன்கதவுல ஒரு கீறல் இல்ல. கதவக் கழட்டி மாட்டியிருக்கீங்க."

மெஷின் வைத்திருந்தவர் வேறு பக்கம் பார்த்தார். நந்தகுமார் டையைச் சரிசெய்தான். மேனேஜர் குரலை இறக்கிச் சொன்னார்: "சார், லாரியிலேருந்து எறக்கும்போது லேசா இடிச்சிடிச்சி. நல்லா பண்ணியிருக்கோம். கோட்டிங் போட்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. சீட் கவரு, மேட்டு, எல்லாம் தரேன். இத வேணாம்னா அடுத்த சில்வர் வர ஆறு வாரம் ஆவும். உங்களுக்கு நாளைக்குப் பூஜ இருக்குதுன்னீங்க."

பிலோமின்ராஜ் எழுந்து நின்றான். அவன் மனம் எங்கே போகிறது என்று லீமாவுக்குத் தெரிந்தது. பாதர், பிரின்சி, கொளஞ்சியப்பன், தெருவில் நிற்கும் அத்தனை பேர். கதவு திறக்கிறது, மூடுகிறது. இன்ஜின் புதுசு. வெளியே யாருக்கும் தெரியாது.

"என்னா சொல்ற?" என்று அவளிடம் கேட்டான். அந்தக் காலையில் முதல் தடவையாக அவளிடம் கேட்டான்.

"உங்க வண்டி. நீங்க எடுன்னா எடுத்துக்கலாம்" என்றாள். "ஆனா தெனமும் நீங்கதான் அந்தக் கதவத் தொடைக்கணும்."

அவன் பேனாவை எடுத்து மேனேஜரின் கையில் வைத்தான். "வேணாம் சார்."

புறப்படும்போது லீமா நின்று கேட்டாள்: "இத இன்னொருத்தருக்குப் புதுசுன்னு குடுப்பீங்களா?"

மேனேஜர் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டு வாசலில் பிரின்சி மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் காத்திருந்தாள். இருவரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவதைப் பார்த்து அவள் முகம் விழுந்துவிட்டது.

"வண்டி எங்கண்ணே?"

"அப்பறம் வரும்" என்று சொல்லிவிட்டு பிலோமின்ராஜ் உள்ளே போனான்.

விஷயத்தைக் கேட்டதும் பிரின்சிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கதவுக்காவ வேணாம்னு வந்தீங்களா அண்ணி? வூடு முழுக்க ஆளுங்கள வரச் சொல்லிட்டு? பாதருக்கு நான் என்னான்னு சொல்வேன்?"

"உள்ளத உள்ளபடி சொல்லும்மா" என்றாள் லீமா. மாலையை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டாள்.

கொளஞ்சியப்பனுக்கு பிலோமின்ராஜே போன் செய்தான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் கூடம்வரை கேட்டது. முகூர்த்தத்துக்கு ஒரு நாள் இருக்கும்போது இப்படிச் சொல்லலாமா என்று அவர் கத்தினார். கடைசியில் டாக்டர் வீட்டில் கெஞ்சி அவர்கள் காரை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அதையே ஓட்டினான். சொந்த வண்டியில் போக வேண்டிய கல்யாணத்துக்கு மறுபடியும் அடுத்தவர் வண்டியில் போனான். அன்று வீடு திரும்பியபோது லீமா சோறு போட்டாள். சாப்பிட்டான். பேசவில்லை.

அடுத்த மூன்று வாரம் அப்படியே போயிற்று. வேண்டியதைக் கேட்பான், வேண்டாததை நகர்த்துவான், அவ்வளவுதான். தெருவில், லீமா கணக்குப் பார்த்துக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று ஒரு பேச்சு. பேங்கில் பணம் தரவில்லை என்று இன்னொரு பேச்சு. கம்பெனியில் அவள் கவனம் வேலையில் நிற்கவில்லை. ஒரு நாள் நல்ல கட்டை இரண்டை இடது பக்கம் போட்டுவிட்டாள். தற்செயலாக அந்தக் கூடையைப் பார்த்த பச்சமுத்து எடுத்துக் காட்டியபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒருவேளை அந்தக் கதவிலும் தப்பாகத் தட்டியிருப்போமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போல்ட்டுகளை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

நாலாவது வாரம், லீமா அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பிலோமின்ராஜ் கதவோரம் வந்து நின்றான்.

"அன்னைக்கி எனக்கும் கேட்டுது" என்றான்.

"என்னாது?"

"அந்தத் தொப்புனு சத்தம். கேட்டுது. கேக்கலன்னு சொன்னேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தெரியும்" என்று சொல்ல நினைத்தாள். தெரியாது என்பதுதான் உண்மை. ஆகையால், "காப்பி போடவா?" என்று கேட்டாள். "போடு" என்றான்.

வேறொரு ஊர் ஷோரூமிலிருந்து அதற்கு அடுத்த வாரம் அழைப்பு வந்தது. பேங்கில் சொல்லிக் கடனை அங்கே மாற்றியிருந்தார்கள். சில்வர் இல்லை, வெள்ளைதான். இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். லீமா வெளிச்சத்தில் தகரத்தைப் பார்த்தாள், அவன் போல்ட்டுகளைப் பார்த்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. குறை ஒன்றும் இல்லை. அங்கிருந்த பெண்ணும் கடைசியில் அதே கேள்வியைக் கேட்டாள்: "செராமிக் கோட்டிங் போட்டுக்கறீங்களா சார்?"

பிலோமின்ராஜ் லீமாவைப் பார்த்தான்.

"இதுல பழுது ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஆசன்னா போடுங்க" என்றாள் அவள். "தண்ணி நிக்காது, கழுவ சுலபம். அதுவரைக்கும் நெசம்."

அவன் தாளை வாங்கிப் பொடி எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வண்டியை இங்கே கொண்டுவந்து ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது என்று இருந்தது.

"ட்ரிப்பு ஓடற வண்டிம்மா. ஒரு நாள் நிறுத்திவச்சா சரிப்படாது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான் பேச்சு. இத்தனை நாள் வீட்டைக் கலக்கிய விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்தது லீமாவுக்கே வேடிக்கையாக இருந்தது.

கோணாங்குப்பத்தில் ஒரு வியாழக்கிழமை, கூட்டமில்லாத நேரத்தில் பாதர் வண்டியை மந்திரித்தார். பிரின்சி வந்திருந்தாள். முன்சீட்டில் அண்ணிதான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பிலோமின்ராஜ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான். லீமா போய்ப் பார்த்தாள். பெண்ணாடம் சர்க்கரை மில்லுக்குப் போகும் ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று உரசிவிட்டுப் போயிருந்தது. இடது பக்கம் நாலு கோடு. அவள் எச்சில் தொட்டு அந்தக் கோடுகளைத் தேய்த்துப் பார்த்தாள். இரண்டு மறைந்தன, இரண்டு மறையவில்லை.

"அந்தக் கோட்டிங் போட்டிருந்தா இது வந்திருக்காதா?" என்று கேட்டான்.

"கரும்புக்கு என்னா செய்யும்னு தெரியலங்க. வந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

அவன் சாவியை உருவிக்கொண்டு இறங்கினான்.

"சரி, சோத்தப் போடு. நாலு மணிக்கு மங்கலம்பேட்டைலேருந்து ஏர்போர்ட்டு ட்ரிப்பு இருக்குது."